பத்தாவது நகம்

ஈசாஃபியோர்தூர் மீன் ஆலையில்
பதினேழு வருடமாக நான் கத்திக்காரன்.
காட் மீனின் முள்ளை ஒட்டி
நூலளவு சதையும் வீணாகாமல்
பேச்சுக் கொடுத்துக்கொண்டே வகிர்ந்துவிடுவேன்.
அந்தக் கைதான்
இப்போது நடுங்குகிறது.

மகள் பிறந்து எட்டு நாள்.
இன்னும் பெயர் வைக்கவில்லை.
இங்கே அதற்கு அவசரமில்லை,
ஞானஸ்நானம் வரைக்கும்
'குட்டிப்பெண்' என்றே ஓடும்.
அவள்தான் காத்திருக்கவில்லை.
வலது கன்னத்தில் கோணலாக ஒரு கோடு,
மூக்கின்மேல் ஒன்று,
இமைக்கு மயிரிழை கீழே இன்னொன்று.
பெயர் வருமுன்னே
கைநாட்டு வைத்துவிட்டாள்
தன் முகத்திலேயே.

யார்மேல் இந்தக் கோபம்?
ஒன்பது மாதம் அந்தத் தண்ணீருக்குள்
கீறுவதற்கு என்ன இருந்தது?
"நான் இருந்தேனே" என்கிறாள் சோல்ரூன்.
சிரிக்கத் தொடங்கி
தையல் இழுக்கவும்
பாதியில் நிறுத்துகிறாள்.

முதலில் கையுறை.
அவள் தங்கை பின்னி அனுப்பிய மஞ்சள் கம்பளி.
ஒன்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் காணாமல் போனது,
மற்றது எச்சிலில் ஊறி
நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி நாறியது.
அப்புறம் காலுறையைக் கையில் மாட்டினேன்.
வீடே அதிரக் கத்தினாள்.
அப்போதுதான் கவனித்தேன்,
கண் இன்னும் சரியாகத் தெரியாதவளுக்கு
கைதான் கண்.
தாயின் மார்பை
அதை வைத்துத்தான் பார்க்கிறாள்.
கழற்றிவிட்டேன்.
ஐந்து நிமிடத்தில்
நெற்றியில் நாலாவது கோடு.

எடை பார்க்க வந்த ஹால்ஃப்ரிதூர்
கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்:
கத்தரிக்கோல் வேண்டாம், அராவினால் போதும்.
குளித்தபின் இளகியிருக்கும்.
பால் குடித்துக் கிறங்கும்போது செய்யுங்கள்.
பல்லால் கடிக்கவே கூடாது.
கடைசி வரியை மட்டும்
என் நகங்களைப் பார்த்துச் சொன்னாள்.

ராத்திரி ஒன்றரை.
ஜூனில் எங்களுக்கு ராத்திரி
கடிகாரத்தில் மட்டும்தான்.
விளக்குப் போடத் தேவையில்லை.
திரையோரம் கசிந்த வெளிச்சத்தில்
நெஞ்சில் அவளைச் சாய்த்துக்கொண்டு
கட்டைவிரலில் தொடங்கினேன்.

நகத்தால் கிள்ளுவதற்குக் கோடரி எதற்கு என்பார்கள்.
கோடரியே பழகியவன்
நகத்துக்கு முன்னால் என்ன செய்வான்,
அதை யாரும் சொல்லவில்லை.
நகமும் சதையும் போல என்று
உறவுக்குச் சொல்வதும் சரிதான்.
எது எங்கே முடிகிறது,
எது எங்கே தொடங்குகிறது,
தெரியவே இல்லை.

மூச்சைப் பிடித்து ஒரு இழுப்பு.
விட்டு, இன்னொரு இழுப்பு.
பூச்சி இலை தின்பது போல ஒரு சத்தம்.
என் கறுப்புச் சட்டையில்
செதிலை விடச் சின்னதாய் வெள்ளைத் தூள்.
ஆயிரம் மீனின் செதிலை
உதறிவிட்டு நடந்தவன்
இதை உதற மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது முடிந்தது.
இடது சுண்டுவிரல் மட்டும் பாக்கி.
அதற்குள் என் ஆள்காட்டி விரலைச் சுற்றி
மூடிக்கொண்டுவிட்டாள்.
இழுத்துப் பார்த்தேன்.
இறுகியது.
சரி, விடட்டும் என்று இருந்தேன்.
வெளியே ஆலாக்கள் கத்தின,
துறைமுகத்தில் ஒரு படகின் எஞ்சின் நின்றது.
அவள் விடவில்லை.
யார் முதலில் தூங்கினோம் என்று
சோல்ரூனைத்தான் கேட்க வேண்டும்.

விடுப்பில்தான் இருக்கிறேன்.
மறந்து வைத்த பூட்ஸை எடுக்க
காலையில் ஆலைக்குப் போனேன்.
ஸ்டெய்ந்தோர் என் தாடையை உற்றுப் பார்த்து
"பூனை வாங்கிவிட்டாயா?" என்றான்.
தொட்டுப் பார்த்தேன்.
காதடியிலிருந்து உதட்டோரம் வரை
மெல்லிசாக ஒரு கோடு.

பூனை இல்லை என்றேன்.
பெயர் என்ன என்றான்.
இன்னும் இல்லை என்றேன்.

உப்புக்காற்றில் அது எரிந்துகொண்டே வந்தது
வீடு வரைக்கும்.
பத்தாவதை இன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.
அதற்குள்
முதலாவது வளர்ந்திருக்கும்.